திருப்பி அனுப்பிய ஆசிரியர்

பெங்களூர் கணிதப் பேராசிரியர் எம்.டி. நாரணையங்காரும் ராமானுஜனும்

பெங்களூர் மெட்ரோ ரயிலில் மெஜஸ்டிக்கிலிருந்து கிழக்கே போகிறவர்களுக்கு அடுத்த நிலையத்தின் பெயர் நினைவிருக்கும்: 'சர் எம். விசுவேசுவரய்யா நிலையம், சென்ட்ரல் காலேஜ்'. விசுவேசுவரய்யா அந்தக் கல்லூரியில் படித்தவர். ராஜாஜியும் அங்கே படித்தவர்தான். ஆனால் அதே கல்லூரியில் கணிதம் கற்பித்த ஒருவரை இன்று பெங்களூரிலேயே அநேகர் அறியமாட்டார்கள். கணித மேதை ராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை உலகத்துக்கு அச்சிட்டுக் கொடுத்தவர் அவர். அச்சிடுவதற்கு முன் அதை ஒரு முறைக்கு மேல் திருப்பி அனுப்பியவரும் அவரே. அவர் பெயர் எம்.டி. நாரணையங்கார். நாராயண ஐயங்கார் என்றும் சிலர் எழுதுவதுண்டு.

இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு சின்னக் காரணம். எங்கள் அகத்துப் பேரன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். சென்ற மாதம் கணக்குப் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டான்.

"தாத்தா, விடை சரியாத்தானே இருக்கு? ஏன் ரெண்டு மார்க் போயிடுத்து?"

பார்த்தேன். விடை சரிதான். ஆனால் கேள்விக்கும் விடைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

"நடுவுல ஒண்ணும் எழுதலையேடா?"

"அதெல்லாம் மனசுலயே போட்டுட்டேன். தெரிஞ்சதை எதுக்கு எழுதணும்?"

அவனுக்குச் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இதே கேள்வியை நூறு வருஷத்துக்கு முன் இன்னொரு பையன், அவனைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு அறிவுள்ள பையன், தன் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கதையே இந்தக் கட்டுரை.

முக்கோணத்துக்குள் ஒரு முக்கோணம்

முதலில் நாரணையங்கார் எப்படிப்பட்ட கணித ஆசிரியர் என்று தெரிந்துகொள்வோம். அதற்கு அவர் 1909-ல் செய்த ஒரு காரியமே போதும்.

ஏதாவது ஒரு முக்கோணம் வரைந்துகொள்ளுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பாதகமில்லை. அதன் மூன்று கோணங்களையும் தலா மூன்று சமபாகமாகப் பிரித்துக் கோடுகள் இழுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஒட்டி இரண்டு கோடுகள் வரும். பக்கத்தின் ஒரு முனையிலிருந்து ஒன்று, மறுமுனையிலிருந்து ஒன்று. அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று பக்கங்களுக்கும் மூன்று புள்ளிகள் கிடைக்கும். அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் உள்ளே ஒரு சமபக்க முக்கோணம் வந்து உட்கார்ந்திருக்கும். வெளி முக்கோணம் எப்படி இருந்தாலும் சரி, உள்ளே இருப்பது மூன்று பக்கமும் சமம்.

இதை 1899-ம் ஆண்டு வாக்கில் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த பிராங்க் மார்லி என்ற ஆங்கிலேயர். யூக்ளிட் காலத்திலிருந்து இரண்டாயிரம் வருஷமாக முக்கோணத்தை அக்குவேறு ஆணிவேறாக அலசியவர்கள் கண்ணில் இது படவில்லை. காரணம் உண்டு. அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கோணத்தை மூன்று சமபாகமாக்க பொதுவான வழி கிடையாது. வரைய முடியாத கோடுகள் எங்கே சந்திக்கின்றன என்று யார் தேடப் போகிறார்கள்?

அந்நாளில் லண்டனிலிருந்து 'எஜுகேஷனல் டைம்ஸ்' என்ற பத்திரிகை வந்துகொண்டிருந்தது. உபாத்தியாயர்களுக்கான பத்திரிகை அது. அதில் கணிதப் புதிர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. ஒருவர் கேள்வி போடுவார், உலகத்தில் எங்கிருந்தும் யாரும் விடை எழுதலாம். நம் நாட்டிலிருந்தும் பல ஆசிரியர்கள் எழுதினார்கள். மார்லியின் தேற்றத்துக்கு 1909-ல் அந்தப் பகுதியின் மூலம் வெளிவந்த நிரூபணங்கள்தான் ஆரம்ப காலத்தவை. எம். சத்தியநாராயணா என்பவர் திரிகோணமிதி வழியில் ஒன்று கொடுத்தார். நாரணையங்கார் சுத்த ஜியோமிதி வழியில் ஒன்று கொடுத்தார்.

அவர் நிரூபணத்தின் அழகே அதன் எளிமைதான். கோணங்களைப் பிரித்து, கோடுகளை இழுத்து, கடைசியில் வரும் முக்கோணம் சமபக்கமா என்று அளக்கப் போனால் சிக்கலில் மாட்டிக்கொள்வோம். அவர் தலைகீழாக வந்தார். ஒரு பக்கத்தை ஒட்டிய புள்ளியை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டார். அதிலிருந்து ஒரு சமபக்க முக்கோணத்தைத் தானே கட்டினார். பிறகு, 'நான் கட்டிய முக்கோணத்தின் மற்ற இரண்டு முனைகளும் மூன்றாவது கோணத்தின் பிரிகோடுகள் மேலேயே இருக்கின்றன' என்று காட்டினார்.

அதைக் காட்டுவதற்கு அவருக்குத் தேவைப்பட்டது ஒரு வட்டம். முக்கோணத்தின் இரண்டு பக்கங்களின் மேல் பக்கத்துக்கு ஒரு புள்ளி குறித்துக்கொண்டார். அந்த இரண்டு புள்ளிகளும், தான் கட்டிய இரண்டு முனைகளுமாக நான்கு புள்ளிகள். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே உள்ள மூன்று தூரங்களும் சமம். இந்த நான்கும், முக்கோணத்தின் உச்சியும், எல்லாம் ஒரே வட்டத்தின் மேல் அமைகின்றன. ஒரு வட்டத்தில் சம நாண்கள் பரிதியில் சம கோணங்களை உண்டாக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். மூன்று சம நாண்கள் இருப்பதால் உச்சிக் கோணமும் மூன்று சமபாகமாகிவிடுகிறது. கதை முடிந்தது!

பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியாத ஒரு வரிகூட இதில் கிடையாது. இன்றும் மார்லி தேற்றத்தைப் பற்றிச் சொல்லும் ஜியோமிதி நூல்களில் இந்த நிரூபணம் நாரணையங்கார் பெயரோடு வருகிறது. எதிராளிக்கு எது தெரியுமோ அதிலிருந்து ஆரம்பித்து, ஒரு படியும் தாண்டாமல், அவனைக் கைப்பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போவது அவர் மனப்பாங்கு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரப்போகும் கதைக்கு இது முக்கியம்.

தபாலில் ஒரு பள்ளிக்கூடம்

கூத்தி என்ற ஊரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர். உத்தியோகம் ரெவின்யூவில், மனசு கணிதத்தில். மாணவராக இருந்தபோதே எஜுகேஷனல் டைம்ஸுக்குக் கட்டுரை அனுப்பினாராம். லண்டன்காரர்கள் இவரை ஏதோ கல்லூரிப் பேராசிரியர் என்று நினைத்து 'புரொபசர்' என்று விலாசமெழுத, நண்பர்கள் வட்டாரத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவர் 1907-ல் தொடங்கியது இந்தியக் கணிதச் சங்கம். ஆரம்பத்தில் அதன் பெயர் அனலிடிக் கிளப். நோக்கம் மிகச் சாதாரணமானது. வெளிநாட்டுக் கணிதப் பத்திரிகைகளை ஒருவரே சந்தா கட்டி வாங்குவது அந்நாளில் பெரும் செலவு. எனவே பலர் சேர்ந்து வாங்கி, ஊர் ஊராகத் தபாலில் சுற்றுக்கு விடுவது என்று ஏற்பாடு. பல ஊர்களில் சிதறியிருப்பவர்களை ஒரு பத்திரிகை எப்படி ஒன்று சேர்க்கும் என்பதை நம் இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1909-ல் சங்கம் தனக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கியது. அதற்கு ஆசிரியர் பெங்களூர் நாரணையங்கார். 1927 வரை, அதாவது பதினெட்டு ஆண்டுகள் அந்தப் பொறுப்பைச் சுமந்தார். பின்னர் 1930 முதல் 1932 வரை சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

தமிழில் ஓர் அழகு பாருங்கள். வகுப்பில் கற்பிப்பவரும் ஆசிரியர்தான், பத்திரிகை நடத்துபவரும் ஆசிரியர்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். நாரணையங்கார் விஷயத்தில் நம் தமிழ் சரியாகவே சொல்கிறது. எஜுகேஷனல் டைம்ஸ் போலவே அவர் பத்திரிகையிலும் வினாவும் விடையுமாக ஒரு பகுதி உண்டு. கல்லூரிப் பேராசிரியர், பள்ளிக்கூட உபாத்தியாயர், மாணவர் எல்லாரும் அதில் எழுதலாம். பெங்களூரிலிருந்து தபாலில் நடந்த பள்ளிக்கூடம் என்றே அதைச் சொல்லலாம்.

லண்டன் ட்யூஷன் வாத்தியார்

இப்போது கும்பகோணத்துக்கு வருவோம்.

ராமானுஜன் 22-12-1887 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார் என்பதும், பள்ளியில் கணக்கில் சூரப்புலி என்பதும் நீங்கள் அறிந்தவை. 1903-ல் அவர் கைக்கு ஒரு புத்தகம் வந்தது. ஜார்ஜ் ஷூப்ரிட்ஜ் கார் என்பவர் எழுதியது. சுமார் ஐயாயிரம் சூத்திரங்களின் தொகுப்பு. ராமானுஜன் சரித்திரம் எழுதிய எல்லாரும் இந்தப் புத்தகத்தைச் சொல்வார்கள். கார் யார் என்பதைப் பலர் சொல்வதில்லை. அவர் பெரிய கணித மேதை அல்லர், லண்டனில் மாணவர்களைப் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்த ட்யூஷன் வாத்தியார். அவர் தன் மாணவர்களுக்காக எழுதி வைத்திருந்த குறிப்புகள்தான் புத்தகமாயின. நம் ஊர்க் கோனார் நோட்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

பரீட்சைக்கான குறிப்பு என்பதால் நிரூபணங்கள் அதில் மிகக் குறைவு. இருந்தாலும் ஒரு வரிக் குறிப்பு. சூத்திரம், அடுத்த சூத்திரம், அதற்கடுத்த சூத்திரம் என்று போய்க்கொண்டே இருக்கும். ட்யூஷனில் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து நடுவில் உள்ளதைச் சொல்லிக் கொடுப்பார். கும்பகோணத்தில் அந்த வாத்தியார் கிடையாது. பதினைந்து, பதினாறு வயதுப் பையன் ஒவ்வொரு சூத்திரத்தையும் தானே நிலைநாட்டிக்கொண்டு போனார். அந்த உழைப்பில் அவர் கணிதம் வளர்ந்தது. கூடவே ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. விடையை மட்டும் எழுதுவது, நடுவில் உள்ளதை விட்டுவிடுவது.

காகிதத்துக்குப் பணம் இல்லாததும் சேர்ந்துகொண்டது. சிலேட்டில் போடுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி போடுவார். முடிவு மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏறும். வழி முழுவதும் முழங்கையோடு போய்விடும்.

மற்ற பாடங்களைக் கவனிக்காததால் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளம் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு அவரும் நம்மில் பலர் செய்ததைச் செய்தார். ட்யூஷன் எடுத்தார்.

அது எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அவரிடம் பி.ஏ. பரீட்சைக்காகக் கால்குலஸ் கற்க வந்த ஒரு மாணவர் இரண்டே வாரத்தில் நின்றுவிட்டார். எப்போதும் அனந்தத்தையும் அணுவிலும் அணுவான சிறு அளவுகளையும் பற்றியே ராமானுஜன் பேசிக்கொண்டிருந்தாராம். இது பரீட்சைக்கு உதவாது என்று மாணவருக்குப் பட்டது. இன்னொரு மாணவருக்கு ஒரே கணக்கைப் பல வழிகளில் போட்டுக் காட்டுவாராம். வகுப்பில் சொல்லிக் கொடுத்த வழி எது என்பது அந்த அமளியில் காணாமற்போய்விடும்.

உலகத்திலேயே தலைசிறந்த கணித மூளை. ட்யூஷனில் தோல்வி. தெரிந்திருப்பது ஒன்று, தெரியாதவன் இருக்கும் இடத்துக்கு இறங்கி வருவது வேறொன்று. இரண்டாவதும் ஒரு வித்தை. அதையும் யாராவது கற்பிக்க வேண்டியிருக்கிறது.

பெங்களூருக்கு வந்த கட்டுரை

1910-ல் ராமானுஜன் வேலை தேடித் திருக்கோயிலூருக்குப் போனார். அப்போது அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் நாம் மேலே பார்த்த அதே ராமஸ்வாமி ஐயர். தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டு வந்த இளைஞரின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இந்த மேதையைத் தாலுகா ஆபீஸில் போட்டு நசுக்க மனம் வராமல், சிபாரிசுக் கடிதங்களோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். அந்த வழியாகக் கணிதச் சங்கத்தின் வட்டாரத்துக்குள் ராமானுஜன் வந்து சேர்ந்தார்.

1911 பிப்ரவரி இதழில் அவருடைய கேள்விகள் முதன்முதலாக வந்தன. கும்பகோணத்தில் அவருக்கு ஆசிரியராக இருந்த பி.வி. சேஷு ஐயர் அவற்றை அனுப்பியிருந்தார். அந்த ஆண்டு ராமானுஜன் கேட்ட கேள்விகளில் ஒன்று இன்று உலகப் பிரசித்தம்.

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

இதன் மதிப்பு என்ன? மூன்று இதழ்கள், ஆறு மாதங்கள் காத்திருந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை 3.

வழி இதுதான். 3 என்பது √9. ஒன்பதை 1 + 2×4 என்று எழுதலாம். அந்த 4 என்பது √16. பதினாறை 1 + 3×5 என்று எழுதலாம். அந்த 5 என்பது √25, அதாவது √(1 + 4×6). இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம். நம் பேரன் பேத்திகளிடம் காட்டினால் கண்கள் விரியும். ஆனால் கூர்ந்து பார்ப்பவர் ஒரு கேள்வி கேட்பார். 'முடிவே இல்லாமல் போகும் இந்த வர்க்கமூல வரிசை ஒரு குறிப்பிட்ட மதிப்பில் போய் நிற்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?' அந்தப் படி ராமானுஜன் விடையில் இல்லை. இப்படிப்பட்ட வரிசைகள் எப்போது நிலைத்து நிற்கும் என்பதற்குப் பிற்காலத்தில் டி. விஜயராகவன் என்ற மற்றொரு தமிழ்க் கணித அறிஞர் தெளிவான விதி கொடுத்தார்.

கேள்வி பதில் பகுதியில் இது செல்லும். ஆராய்ச்சிக் கட்டுரையில் செல்லாது. ராமானுஜன் அதே ஆண்டு 'பெர்னோலி எண்களின் சில குணங்கள்' என்ற தலைப்பில் ஒரு நீண்ட கட்டுரையைப் பெங்களூருக்கு அனுப்பினார்.

பெர்னோலி எண்கள் என்பவை 1, 2, 3 என்று தொடரும் எண்களின் வர்க்கங்களையும் கனங்களையும் அதற்கு மேற்பட்ட படிகளையும் கூட்டும்போது தலைகாட்டும் பின்னங்கள். 1713-ல் வெளிவந்த ஜேக்கப் பெர்னோலியின் நூலால் அந்தப் பெயர் வந்தது. 1/6, 1/30, 1/42, 1/30, 5/66, 691/2730 என்று போகும். பார்த்தால் ஒழுங்கே இல்லாதது போல் இருக்கும். ஆனால் கீழே உள்ள எண்களை மட்டும் கவனியுங்கள். 6, 30, 42, 30, 66, 2730. எல்லாம் ஆறால் வகுபடுகின்றன. இம்மாதிரி ஒளிந்திருக்கும் ஒழுங்குகளைத்தான் ராமானுஜன் எழுதியிருந்தார்.

கட்டுரையைப் பார்த்த நாரணையங்காருக்கு என்ன சங்கடம் என்று ஊகிக்கலாம். விஷயம் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எழுத்து கார் புத்தகத்தின் எழுத்து. ராமானுஜனின் முறைகள் புதியவை, சொல்வதோ மிகச் சுருக்கம், சாதாரண வாசகரால் பின்தொடர முடியாத நடை என்று சேஷு ஐயரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். அச்சிடத் தகுந்த உருவம் பெறும் முன் அந்தக் கட்டுரை ஒரு முறைக்கு மேல் திருப்பி அனுப்பப்பட்டது என்பதும் அவர் சொன்னதே.

இங்கே சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அந்த ஆசிரியருக்கு முன்னால் இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. ஒன்று, 'பட்டம் இல்லாதவர், எஃப்.ஏ. தேறாதவர், எழுத்தும் புரியவில்லை' என்று நிராகரிப்பது. அப்படிச் செய்திருந்தால் அந்நாளில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மற்றொன்று, 'மேதை எழுதியது, புரிந்தவர்கள் புரிந்துகொள்ளட்டும்' என்று அப்படியே போட்டுவிடுவது. அவர் இரண்டையும் செய்யவில்லை. நிராகரிப்பது கதவைச் சாத்துவது. திருப்பி அனுப்புவது, 'இன்னும் கொஞ்சம் விளக்கி எழுதிக்கொண்டு வா' என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது. பரீட்சைகள் ராமானுஜனுக்கு முதலாவதைச் செய்தன. பெங்களூர் ஆசிரியர் இரண்டாவதைச் செய்தார்.

1911 டிசம்பர் இதழில் கட்டுரை வெளிவந்தது. எட்டு முடிவுகள். மூன்றுக்கு நிரூபணம், இரண்டு அவற்றிலிருந்து பெறப்படுபவை, மீதி மூன்று ஊகங்கள் என்று இனம் பிரிந்து நின்றன. எது நிரூபிக்கப்பட்டது, எது இன்னும் ஊகம் என்று வாசகருக்குத் தெரிகிறது. குறையில்லாத கட்டுரை என்று அதை யாரும் சொல்லவில்லை. ஆனால் பிறர் படிக்கத்தக்க கட்டுரை.

இன்னும் பத்துப் படி எழுது

சென்னையிலும் இதே பாடம் நடந்தது. 1912 மார்ச்சில் ராமானுஜனுக்குச் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரி எஸ். நாராயண ஐயர். (பெங்களூர் நாரணையங்காரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் வேறு.) இவரும் முன்பு கணித ஆசிரியர், கணிதச் சங்கத்தின் பொருளாளர். இரவில் திருவல்லிக்கேணி வீட்டு மாடியில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்காருவார்கள். ராமானுஜனின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் நாராயண ஐயர் தொலைந்துபோவார். 'என் நிலைக்கு இறங்கி வா, இரண்டு படிகளுக்கு நடுவே பத்துப் படியாவது எழுது' என்பாராம். 'எனக்குத் தெளிவாக இருப்பதை எதற்கு எழுத வேண்டும்?' என்பது ராமானுஜனின் பதில். என் பேரன் கேட்டதும் அதுவே அல்லவா!

கொஞ்சம் கொஞ்சமாக ராமானுஜன் வழிக்கு வந்தார். 16-1-1913 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலக சரித்திரம். ஹார்டி பிப்ரவரி 8-ம் தேதி எழுதிய பதிலில் பாராட்டோடு கேட்டது என்ன தெரியுமா? நிரூபணங்களை அனுப்புங்கள் என்பதுதான். கேம்பிரிட்ஜ் 1913-ல் கேட்டதைப் பெங்களூர் 1911-லேயே கேட்டுவிட்டது.

அதன் பிறகு இங்கிலாந்து சென்றது, 1915-ல் முழு நிரூபணங்களோடு நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டது, 1918-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானது, 26-4-1920 அன்று முப்பத்திரண்டே வயதில் மறைந்தது எல்லாம் நீங்கள் அறிந்தவை.

படிகள் எழுதப்படாததன் விலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். ராமானுஜன் விட்டுச் சென்ற நோட்டுப் புத்தகங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருக்கின்றன. பெரும்பாலும் வெறும் முடிவுகள். அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் முன்னோர் செய்த பணியையும் சேர்த்துக்கொண்டு, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக அவற்றுக்கு நிரூபணங்களை வெளியிட்டார். சிலேட்டில் முழங்கை அழித்ததை மீட்க ஒரு மனிதரின் வாழ்நாளில் பெரும்பகுதி தேவைப்பட்டது. பெங்களூருக்குப் போன கட்டுரைக்கு அந்தக் கதி வரவில்லை.

ட்யூஷன் கதை, சிலேட்டுக் கதை எல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு கணித ஆசிரியரே காரணம். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பி.கே. ஸ்ரீநிவாசன், ராமானுஜனை நேரில் அறிந்தவர்களைத் தேடித் தேடி அவர்கள் நினைவுகளையும் கடிதங்களையும் 1968-ல் நூலாக்கினார். கணக்கைக் கண்டு பயப்படும் குழந்தைகளுக்குக் காகிதத்தை மடித்தும் பொருள்களைக் கையில் கொடுத்தும் கற்பித்த நல்லாசிரியர் அவர். சென்னை ராயபுரத்தில் உள்ள ராமானுஜன் கணித அருங்காட்சியகம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2005-ல் காலமானார்.

நாம் செய்யக்கூடியது

இன்று பெங்களூரில் தெருவுக்குத் தெரு கோச்சிங் வகுப்பு. நுழைவுத் தேர்வில் நாலு விடையில் ஒன்றைக் குறித்தால் போதும். வழியை யாரும் பார்ப்பதில்லை. வேகமாகப் போடுகிற குழந்தைதான் கெட்டிக்காரக் குழந்தை என்று நாமும் நினைக்க ஆரம்பித்துவிட்டோம். அதைக் குறை சொல்லி லாபமில்லை. சீட் கிடைக்க அது வேண்டியிருக்கிறது. லண்டன் கார் எழுதியதும் அப்படிப்பட்ட புத்தகம்தான். அதிலிருந்தும் ஒரு ராமானுஜன் எழுந்தார் என்பதை மறக்கக்கூடாது. ஆனால் கார் மட்டும் போதவில்லை. பிற்பாடு ஒரு சேஷு ஐயர், ஒரு நாரணையங்கார், ஒரு நாராயண ஐயர் உட்கார்ந்து, 'எனக்குப் புரியவில்லை, இன்னும் ஒரு படி எழுது' என்று பொறுமையோடு கேட்க வேண்டியிருந்தது.

அப்படிக் கேட்பதற்குக் கணித மேதையாக இருக்க வேண்டியதில்லை என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம். 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லும் நேர்மையும், திரும்பத் திரும்பப் படிக்கும் பொறுமையும் இருந்தால் போதும். ரிட்டையர் ஆகி வீட்டில் இருக்கும் நம் போன்றவர்களிடம் இரண்டாவது நிறையவே இருக்கிறது. முதலாவதைக் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும்.

பேரனிடம் நான் இந்தக் கதையைச் சொன்னேன். ராமானுஜன் ட்யூஷனில் தோற்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். கட்டுரை திரும்பி வந்த இடத்தில் சிரிக்கவில்லை.

"திரும்பி வந்தப்போ ராமானுஜனுக்குக் கோபம் வரலையா தாத்தா?"

"வந்ததோ என்னவோ. ஆனா திரும்ப எழுதி அனுப்பினார்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அந்தப் பரீட்சைத் தாளை எடுத்துக்கொண்டு போனான். அரைமணி கழித்து ஒரு காகிதத்தில் அதே கணக்கை ஏழு வரியில் போட்டுக்கொண்டு வந்து நீட்டினான். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். நாலாவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் நடுவில் எனக்குப் புரியவில்லை.

திருப்பிக் கொடுத்தேன்.